டொலி பார்டன் எப்படி மேலே வந்தார்? மருமகளுக்காகக் கேட்கிறேன்

கொக்குவில் மாமா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சியின் மகள் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். சபையில் பாடுவாள், கிற்றார் ஓரளவு வாசிப்பாள். இப்போது சொந்தமாகப் பாட்டு எழுதவும் தொடங்கிவிட்டாள். கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுக்கப் பாட்டுத்தான்.

தங்கச்சிக்கு மகள் ஏ/எல்லில் (உயர்தரத்தில்) விஞ்ஞானம் படிக்க வேண்டும். மகளோ எதற்கெடுத்தாலும் "டொலி பார்டனைப் பாருங்கோ" என்கிறாள். எனக்கு அந்த அமெரிக்கப் பாடகியைப் பற்றித் தெரிந்தது பொன்னிற விக்கும் மினுங்குகிற உடுப்பும்தான். தேடிப் பார்த்தேன். குடிசையில் பிறந்தார், கோடீஸ்வரி ஆனார் என்று எல்லா இடமும் ஒரே பல்லவி. நடுவில் என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லக் காணோம்.

படிப்பை விட்டுவிட்டா போனார்? யார் கைகொடுத்தது? குரலால் வந்தாரா, ரீவியால் வந்தாரா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் ஆறுதலாக எழுதுங்கோ. தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டுவேன், அதையும் மனதில் வைத்து எழுதுங்கோ.

பழைய ரெக்கோடிங் பார் எழுதியது:

தம்பி, தங்கச்சிக்குப் பிடித்த பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டொலி படிப்பை விடவில்லை. 1964இல் சிவியர் கவுண்டி உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தார், அடுத்த நாளே, கொன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டின் தலைநகரமான நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறினார். பள்ளி முடிப்பு விழாவில் ஒவ்வொருவரும் இனி என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டியிருந்ததாம். நாஷ்வில் போய்ப் பெரிய பாடகி ஆகப் போகிறேன் என்று இவர் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஆனால் படிப்பு முடிந்த பிறகுதான் பாட்டைத் தொட்டார் என்று தங்கச்சி எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த விழா நடந்தபோது அவர் ரேடியோவில் பாடத் தொடங்கி எட்டு வருஷம் ஆகியிருந்தது.

நான் 1980களில் யாழ்ப்பாணம் ரவுணில் கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை செய்தவன். ஆங்கிலப் பாட்டுக் கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு ஜிம் ரீவ்ஸ் வேண்டும். மார்கழி மாதம் என்றால் சொல்லவே வேண்டாம். மிச்சப் பேருக்கு போனி எம், அபா. டொலி பார்டன் கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஆனால் ஒரு தரம் கேட்டவர்கள் திரும்பவும் வருவார்கள். கசெற் அட்டையில் பாட்டுகளின் பெயரை வடிவாக எழுதிக் கொடுப்பதும் என் வேலை. அதற்காக இசைத்தட்டை எடுத்து நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளைப் பார்த்து எழுதுவேன். பாட்டின் பெயருக்குக் கீழே, அதை எழுதியவரின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ஜிம் ரீவ்ஸ் தட்டில் பெரும்பாலும் பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு பெயர். டொலியின் தட்டில் அநேகமாக ஒரே பெயர்: டி. பார்டன். அந்த வயதில் எனக்கு அது பெரிய ஆச்சரியம். பாடுகிற பொம்பிளை எழுதவும் செய்வாவோ என்று முதலாளியிடம் கேட்டு ஏச்சு வாங்கினேன்.

நீங்கள் கேட்ட "குரலா, ரீவியா" என்ற கேள்விக்கு என் பதில் அந்த வட்டத் தாளில்தான் இருக்கிறது.

முதலில் பிறந்த இடம். 1946 ஜனவரி 19, டெனசி மாநிலம், ஸ்மோக்கி மலைப் பக்கம், லிட்டில் பிஜன் என்ற ஆற்றங்கரையில் ஒற்றை அறை மரவீடு. பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. தகப்பன் ரொபர்ட் லீ பார்டன் முதலில் குத்தகைக்குத் தோட்டம் செய்தவர், பிறகு சொந்தமாகப் புகையிலை போட்டவர். எழுத வாசிக்கத் தெரியாது. பிரசவம் பார்த்த டொக்டருக்குக் கொடுக்கக் காசில்லாமல் ஒரு மூட்டை சோளமா கொடுத்தாராம்.

புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அந்தச் சோளமாக் கதை நம்ப முடியாத கதை இல்லை. எங்கள் வீட்டிலும் இன்னொருவருடைய கடனைத் தேங்காயாலும் வெங்காயத்தாலும் அடைத்திருக்கிறார்கள். புகையிலைக் காசு ஆண்டுக்கு ஒரு தரம்தான் கைக்கு வரும். அது வரும்வரைக்கும் கடைக்கொப்பியில்தான் சீவியம். கெட்டு முறிக்க (புகையிலையின் பக்கத் தளிர் கிள்ள) போனால் கை முழுக்கப் பிசின் ஒட்டிக் கறுத்துவிடும், சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் இலேசில் போகாது. அந்தக் கையோடு பள்ளிக்கூடம் போனால் பெடியள் பார்க்கிற பார்வை இருக்கிறதே! டொலியின் பாட்டுகளில் வரும் வறுமையை விளங்கிக்கொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

பாட்டு தாய் வழியால் வந்தது. தாய் ஏவி லீ பழைய மலைநாட்டுப் பாட்டுகளைப் பாடிக்கொண்டே வேலை செய்கிறவர். தாயின் தகப்பன் ஜேக் ஓவன்ஸ் பெந்தகொஸ்தே போதகர். டொலி முதலில் பாடியது சபையில்தான், உங்கள் மருமகளைப் போல. இனி நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டிய இடம் வருகிறது. கைகொடுத்தது யார் என்று கேட்டீர்கள். தாய்மாமன்! பில் ஓவன்ஸ் என்று பெயர். எட்டு வயதில் கிற்றார் வாங்கிக் கொடுத்தது அவர். பத்து வயதில் நொக்ஸ்வில் பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர். அங்கே காஸ் வோக்கர் என்று பல மளிகைக் கடைகளுக்குச் சொந்தக்காரர் ஒருவர், தன் கடை விளம்பரத்துக்காக ரேடியோவிலும் ரீவியிலும் நிகழ்ச்சி நடத்தினார். டொலி அதில் பாடத் தொடங்கினார். 13 வயதில் அம்மம்மாவோடு பஸ் ஏறி லூசியானா வரைக்கும் போய், கோல்ட்பேண்ட் என்ற சின்னக் கம்பனியில் முதல் தட்டு. அந்தப் பாட்டும் மாமனும் மருமகளும் சேர்ந்து எழுதியது. விற்கவில்லை. அதே வயதில் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஒப்ரி மேடையில் ஏறினார். நம்முடைய நல்லூர்த் திருவிழாக் கச்சேரி ஒரு வித்துவானுக்கு எப்படியோ, கொன்ட்ரி பாடகர்களுக்கு அந்த மேடை அப்படி. அங்கே சந்தித்த பெயர்பெற்ற பாடகர் ஜோனி காஷ், உன் மனம் சொல்கிறபடி போ என்று தைரியம் கொடுத்தார். 1962இல் மேர்க்கரி கம்பனியில் இன்னொரு தட்டு. அதுவும் விற்கவில்லை.

ஆக, 18 வயதில் பஸ் ஏறிய பிள்ளையிடம் விற்காத தட்டுகளும் பாட்டுக் கொப்பியும்தான் இருந்தன. நாஷ்வில் போன முதல் நாளே அழுக்குடுப்புகளைக் கொண்டு ஒரு சலவைக் கடைக்குப் போனார், அங்கே கார்ல் டீனைக் கண்டார், 1966இல் கலியாணம் கட்டினார். கணவர் 2025இல் இறக்கும்வரைக்கும் ஒன்றாக இருந்தார்கள். அந்தக் காதல் கதையை எல்லா இடமும் எழுதுகிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

மொனுமென்ற் என்ற கம்பனி 1965இல் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் அந்த மெல்லிய உச்சக் குரல் கொன்ட்ரிக்கு ஒத்துவராது, பொப் பாடு என்றார்கள். பாடினார், எடுபடவில்லை. அதே நேரம் மாமனும் மருமகளும் சேர்ந்து மற்றப் பாடகர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1966இல் பில் பிலிப்ஸ் என்பவர் பாடிய ஒரு பாட்டு கொன்ட்ரிப் பாட்டுகளின் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. பின்னால் ஒத்துப் பாடுகிற பெண் குரல் டொலியுடையது. அதற்குப் பிறகுதான் கம்பனிக்காரருக்குக் கண் திறந்தது. சரி, நீ கொன்ட்ரியே பாடு என்று விட்டார்கள். 1967இல் அவருடைய இரண்டு தட்டுகள் அந்தத் தரவரிசையில் ஏறின. ஒன்று இன்னொருவர் எழுதியது, 24ஆம் இடம். மற்றது தானே எழுதியது, 17ஆம் இடம். எது மேலே போனது என்று பாருங்கள்.

அதே 1967இல் போர்ட்டர் வாகனர் என்ற கொன்ட்ரிப் பாடகர் தன் ரீவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார். அதில் முன்பு பாடிய நோர்மா ஜீன் என்ற பாடகிக்குப் பதிலாக. சனம் முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை. இவர் மேடையில் நிற்கும்போதே "நோர்மா ஜீன் எங்கே" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். ஆர்.சி.ஏ. கம்பனிக்கும் அப்போதுதான் மாறினார்.

போர்ட்டரோடு ஊர் ஊராகப் பஸ்ஸில் போன காலத்தில் எழுதியதுதான் "கோட் ஒஃப் மெனி கலர்ஸ்" என்ற சிறு வயது மேலங்கிப் பாட்டு. யாரோ கொடுத்த துணித்துண்டுகளைப் பொருத்தித் தாய் ஒரு மேலங்கி தைக்கிறார். தைக்கும்போதே வேதாகமத்தில் வரும் யோசேப்பின் பலவர்ண அங்கிக் கதையைச் சொல்கிறார். பிள்ளை பெருமையோடு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சொந்தக் கதை. எழுத வேறு தாள் கிடைக்கவில்லை, போர்ட்டரின் உடுப்புச் சலவைக்குக் கொடுத்த பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். 1971இல் தட்டு வந்தது. மருமகளின் கணக்குக் கொப்பியைத் தங்கச்சி ஏசினால் இதைச் சொல்லுங்கள்.

இனித்தான் எனக்குப் பெரிதாகப் படுகிற விஷயம். பாட்டு எழுதினால் போதாது, பாட்டின் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் காசு இருக்கிறது. டொலியும் பில் மாமனும் ஓ-பார் என்று சொந்தமாக, பாட்டுகளின் உரிமையை வைத்திருக்கும் ஒரு பதிப்புக் கம்பனி வைத்திருந்தார்கள். பிறகு அதில் ஏறக்குறையப் பாதி போர்ட்டர் கைக்குப் போய்விட்டது. ஐந்து வருஷம் இருப்பேன் என்று போர்ட்டரிடம் வந்த டொலி ஏழு வருஷம் இருந்துவிட்டு, 1974இல் தனியே போக வெளிக்கிட்டார். போர்ட்டர் சம்மதிக்கவில்லை, தினமும் வாக்குவாதம். கடைசியில் "ஐ வில் ஓல்வேஸ் லவ் யூ" என்று ஒரு விடைபெறும் பாட்டை எழுதிக்கொண்டு போய் அவர் முன்னால் பாடினார். அதைக் கேட்டுத்தான் மனுஷன் இளகினார். 1979இல் அதே போர்ட்டர் 30 இலட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டது வேறு கதை. அது சமாதானமாக முடிந்தது.

அந்த விடைபெறும் பாட்டை எல்விஸ் பிறெஸ்லி பாட விரும்பினார். யாருக்குக் கிடைக்கும் அப்படி ஒரு வாய்ப்பு! ஒலிப்பதிவுக்கு முதல் நாள் எல்விஸின் முகாமையாளர் கேர்ணல் பார்க்கர் கூப்பிட்டு, பாட்டின் பதிப்புரிமையில் பாதி தந்தால்தான் எல்விஸ் பாடுவார் என்றார். டொலி மாட்டேன் என்றுவிட்டார். இரவு முழுக்க அழுதாராம், ஆனால் கொடுக்கவில்லை. 1992இல் விட்னி ஹூஸ்ரன் அதே பாட்டை ஒரு படத்துக்காகப் பாட, அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. எழுதியவருக்கு வர வேண்டிய பங்கு பிசகாமல் வந்தது. இங்கே நாங்கள் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட காலம் அது. அந்தப் பாட்டு ஒரு கசெற்றில் வந்து சேர்ந்தபோது, பாடியவர் பெயரை எல்லோரும் சொன்னார்கள். நான் எழுதியவர் பெயரைச் சொன்னேன். பெடியள் நம்பவில்லை.

நல்லூர்ப் பின்வீதி எழுதியது:

ரெக்கோடிங் பார் அண்ணை, வாசிக்க நல்லாயிருக்கு. ஆனால் போர்ட்டரைக் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டீர்கள். ஆர்.சி.ஏ.யில் இருந்த தயாரிப்பாளர் செற் அற்கின்ஸுக்கும் டொலியின் குரல் பிடிக்கவில்லை. நட்டம் வந்தால் என் வருமானத்தில் கழியுங்கள் என்று போர்ட்டர் பொறுப்பேற்றதால்தான் எடுத்தார்கள். 1970இல் டொலிக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி, மூன்றாம் இடம் வரைக்கும் போனது, ஜிமி ரொட்ஜர்ஸின் பழைய பாட்டு. டொலி எழுதியதே இல்லை. அதைப் பாடு என்று சொன்னதும் போர்ட்டர்தான். அந்த ரீவி நிகழ்ச்சி இல்லாவிட்டால் உங்கள் வட்டத் தாளை யார் பார்த்திருப்பார்கள்? எழுதத் தெரிந்த எத்தனையோ பேர் நாஷ்வில்லில் தேநீர் குடித்துக்கொண்டே கிழவர்களாகிப் போனார்கள்.

பழைய ரெக்கோடிங் பார் எழுதியது:

தம்பி, நீர் சொன்னதெல்லாம் நடந்ததுதான். போர்ட்டர் கதவைத் திறந்தார், அதில் இரண்டு பேச்சில்லை. 2007இல் அவர் ஒப்ரியில் சேர்ந்து 50 வருஷம் நிறைந்த விழாவில் டொலியே வந்து பாடினார். அந்த ஆண்டுதான் போர்ட்டர் காலமானார்.

நான் கேட்பது வேறு. போர்ட்டர் நிகழ்ச்சியில் டொலிக்கு முன்னால் பாடியவரும் அதே கமெராவுக்கு முன்தான் நின்றார், அதே சனம்தான் கைதட்டியது. அவர் பெயரை இங்கே நான் எழுதியிருக்காவிட்டால் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டொலியின் முதல் முதலிடம் 1971 தொடக்கத்தில் வந்தது. தானே எழுதியது. 1974இல் முதலிடம் போன இரண்டு பெரிய பாட்டும் தானே எழுதியவை. வங்கியில் வேலை செய்த ஒரு சிவப்பு முடிக்காரி டொலியின் புருஷனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்ற எரிச்சலில் பிறந்ததுதான் அதில் ஒன்று. இதையெல்லாம் போர்ட்டர் சொல்லிக் கொடுத்து எழுத முடியுமோ?

நம்மிடமும் ஆள் இருந்தது. உரும்பிராய் நித்தி கனகரத்தினம் தானே எழுதி, தானே கிற்றார் வாசித்துப் பாடினார். அவர் பாட்டை ஊரெல்லாம் பாடினார்கள், பாதிப் பேர் வேறு ஒருவருடைய பாட்டு என்று நினைத்துக்கொண்டு பாடினார்கள்.

மிசிசாகா அக்கா எழுதியது:

நான் பாட்டுக்காரி இல்லை. ஆனால் டொலியின் பெயர் எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் தபாலில் வந்தது. என் மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவருடைய புத்தகத் திட்டத்தில் யாரோ சொல்லிப் பதிந்துவிட்டேன். பிள்ளையின் பெயர் போட்டு ஒவ்வொரு மாதமும் ஒரு புத்தகம், ஐந்து வயது வரைக்கும், ஒரு சதம் செலவில்லை. தன் பெயரைத் தாளில் பார்த்து வாசிக்கப் பழகினதே அந்தக் கடித உறையில்தான். 1995இல் தன் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக மட்டும் தொடங்கியதாம், வாசிக்கத் தெரியாத தகப்பனை நினைத்து. பிறகு கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா வரைக்கும் வந்துவிட்டது. தகப்பனுக்கு, மகள் பெரிய பாடகி என்பதைவிட, பிள்ளைகள் அவரைப் "புத்தகக்கார அம்மா" என்று கூப்பிடுவதுதான் பெருமையாக இருந்ததாம்.

கொக்குவில் மாமா, உங்கள் தங்கச்சியிடம் சொல்லுங்கோ, விஞ்ஞானம் படித்துக்கொண்டும் பாட்டு எழுதலாம். என்ன, பௌதிகம் பாடமாக்கும்போது பாட்டு வராது!

கொக்குவில் மாமா எழுதியது:

எல்லோருக்கும் கனக்க நன்றி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். தங்கச்சிக்கு 1964 பிடித்துக்கொண்டது, மகளுக்குத் தாய்மாமன் பிடித்துக்கொண்டார். இப்போது எனக்குக் கிற்றார்ச் செலவு வந்திருக்கிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இங்கே ஒரு ஸ்ரூடியோக்காரர் அவளுடைய இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு, இலவசமாக ஒலிப்பதிவு செய்து யூடியூப்பில் போடுகிறேன், ஒரு தாளில் கையெழுத்து மட்டும் வைத்தால் போதும் என்றாராம். தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். "சகல உரிமைகளும்" என்று ஒரு வரி இருக்கிறது. எல்விஸ் கதையை வாசித்த பிறகு எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாட்டை எங்காவது பதிந்து வைக்க வேண்டுமோ?

பழைய ரெக்கோடிங் பார் எழுதியது:

கையெழுத்து வைக்க வேண்டாம். முதலில் அவளுக்கு இன்னும் 18 ஆகவில்லை.

பதிவு தேவையில்லை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். அவர் வாழ்நாள் முழுக்கவும் அதற்குப் பிறகு 70 வருஷமும் இருக்கும். நாளைக்கு யாராவது தன்னுடையது என்று சொன்னால் காட்டுவதற்கு ஒரு அத்தாட்சி வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே திகதி போட்டுப் பெயர் எழுதச் சொல்லுங்கள். போனில் பாடிப் பதிந்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்ரூடியோக்காரர் நல்ல மனுஷனாகவும் இருக்கலாம். அப்படியென்றால் "இந்த ஒலிப்பதிவை யூடியூப்பில் போட அனுமதி" என்று மட்டும் எழுதின தாளைக் கொண்டுவரட்டும், பாட்டு எழுதினவர் பெயரைப் போடுவேன் என்றும் அதில் எழுதட்டும். அதற்கு அவர் முகம் கோணினால் உங்களுக்கு விளங்கிவிடும். தாய் தகப்பன் கையெழுத்து வைக்க முன்னம் ஒரு சட்டத்தரணிக்கும் காட்டுங்கள்.

கிற்றார் வாங்கும்போது விலை கூடினது வேண்டாம். கம்பி விரல்பலகையிலிருந்து உயர்ந்து நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள், உயரமாக இருந்தால் பிள்ளையின் விரல் கிழிந்துவிடும். டொலி அந்த நீள நகத்தோடு எப்படி வாசிக்கிறார் என்று மருமகள் கேட்பாள். கம்பிகளை வெறுமனே மீட்டினாலே ஒரு கோட் (சில சுரங்கள் சேர்ந்த ஒலி) வருகிற மாதிரிச் சுருதி கூட்டி வைத்துக்கொள்வார், விரலை மடித்து அழுத்துகிற வேலை குறைவு. 1980இல் ஒரு படத்துக்கு எழுதிய பாட்டில் அந்த நகங்களை ஒன்றோடொன்று உரசித் தட்டெழுத்து இயந்திரச் சத்தம் எழுப்பினார், தட்டிலும் அது இருக்கிறது.

கேட்கத் தொடங்குவதென்றால் 1971இல் வந்த மேலங்கிப் பாட்டுத் தட்டில் தொடங்கச் சொல்லுங்கள். பிறகு 1973இல் தன் மலைவீட்டைப் பற்றிப் பாடிய தட்டு, அப்புறம் 1974இல் வந்த விடைபெறும் பாட்டு. விட்னியின் பாட்டைக் கடைசியில் கேட்கட்டும். 1974இல் டொலி பாடியதை முதலில் கேட்டால்தான், அது போர்ட்டர் என்ற ஒரே ஒரு ஆளுக்கு முன்னால் நின்று பாட எழுதிய பாட்டு என்று தெரியும்.